பதினாறாம் பக்கம்

பதினாறாம் பக்கம் காலியாக இருக்கிறது என்று காலையில் தெரிந்ததிலிருந்து ரேணுகா மூன்று தம்ளர் காபி குடித்திருந்தாள். ஒரு கோடுகூடப் போட்டிருக்கவில்லை. மணி இரண்டு. நாலு மணிக்குள் படம் சிவகாசிக்குப் போய்ச் சேர வேண்டும். நாளைக்கு ஆடி பதினெட்டு. காலண்டர் வேலைக்குப் பூஜை போட்டுவிட்டார்கள் என்றால் அப்புறம் மார்கழி வரைக்கும் அந்த ஊரில் எந்த மிஷினும் காலி கிடைக்காது, குழந்தைப் புத்தகமாவது குட்டிக் கதையாவது என்று அச்சகத்துக்காரர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பலகையில் நாலு மூலையும் ஒட்டிய தாள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே திண்டுக்கல்லின் ஆடிக் காற்று தெருப் புழுதியை எல்லாம் வாரிக்கொண்டு போனது. ஈரச் சாயத்தில் மண் ஒட்டும் என்று ஜன்னலைச் சாத்தியாயிற்று, தாள் படபடக்கும் என்று மின்விசிறியை நிறுத்தியாயிற்று, முதுகில் வியர்வை வழிகிறது, இதற்கெல்லாம் யாரைத் திட்டுவது? தன்னைத்தான். அச்சில் ஒரே தாளில் ஏறுகிற ஒரு ஃபாரம் என்றால் பதினாறு பக்கம் என்பது இருபது வருஷமாகப் படம் போடுகிறவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அட்டையின் உள்பக்கத்துக்குப் போன தலைப்புப் படத்தையும் சேர்த்துப் பதினாறு என்று எண்ணிவிட்டாள். அட்டை தனித்தாள், தனி அச்சு. உள்ளே பதினைந்து படம்தான் இருக்கிறது. சின்னப் பிள்ளை விரல்விட்டு எண்ணினால்கூட வராத தப்பு, படம் போடுகிறவளுக்கு மட்டும்தான் வரும். இதிலே வேடிக்கை என்னவென்றால், இத்தனை நாளும் அவள் சண்டையில் ஜெயித்துக்கொண்டிருந்ததே அந்தப் பதினாறை வைத்துத்தான். கடைசியில் கதையில் வருகிற குழந்தை பொம்மி மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு பக்கம் வேண்டும் என்று பதிப்பாசிரியர் பொன்னுரங்கம் கேட்கும்போதெல்லாம், இடம் எங்கே சார் இருக்கு, பதினாறும் நிரம்பிருச்சே என்று சொல்லிச் சொல்லியே ஒப்பேற்றியிருந்தாள். காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் கணக்கைச் சொன்னாள். இப்போது கணக்கு கவிழ்த்துவிட்டது. முதலிலேயே முடியாது என்று சொல்லியிருக்கலாம். இடமில்லை என்று சொல்வது சுலபமாக இருந்தது, அதனால் அதையே சொன்னாள். அதுதான் அவளுக்கு இப்போது எரிச்சலாக இருந்தது.

பொன்னுரங்கம் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் வேலை சுலபம். காலை ஒன்பதரைக்கு அவர் சென்னையிலிருந்து கூப்பிட்டபோது குரலில் அப்படி ஒரு சந்தோஷம். பாத்தீங்களா ரேணுகா, நாம சண்டை போட்டோம், கடவுளாப் பாத்து ஒரு பக்கத்தைக் கொடுத்துட்டார் என்றார். நாலாயிரம் பள்ளிக்கூடங்களில் வாசிப்பு மூலை வைக்கிற ஓர் அறக்கட்டளை இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொள்வதாக இருக்கிறது. அவர்களுடைய தேர்வுக் குழுவுக்கு எல்லாமே பிடித்திருக்கிறது, வண்ணம் பிடித்திருக்கிறது, பொம்மியின் எலிவால் சடை பிடித்திருக்கிறது, கடைசியில் கன்னத்தைத் திருகின மாமாவைப் பிள்ளை கடித்துவிட்டுப் போய்விடுகிறதே என்பதுதான் உறுத்துகிறது. கடிக்கட்டும், குழந்தைதானே, ஆனால் அப்புறம் ஒரு வார்த்தை. கையைக் கூப்பி, லேசாகச் சிரித்து. அவ்வளவுதான் ரேணுகா, அரைமணி நேர வேலை உங்களுக்கு. அதன் பிறகுதான் அவர் அந்த இன்னொன்றைச் சொன்னார், மிரட்டலாக இல்லை, ஒத்தாசையாகத்தான் சொன்னார்: உங்களுக்கு முடியலைன்னா பதறாதீங்க, மூணாம் பக்கத்துப் பொம்மி சிரிச்சிட்டுதானே இருக்கா, டிசைனர் அந்த முகத்தை எடுத்து வச்சுக் கையை மட்டும் கூப்பி விட்டுடுவார். மூணாம் பக்கத்தில் பொம்மி சிரிப்பது ஒரு நாய்க்குட்டியைப் பார்த்து. அந்தச் சிரிப்பைக் கத்தரித்துக்கொண்டு போய்க் கடைசிப் பக்கத்தில் ஒட்டினால், அவள் கன்னத்தைத் திருகினவனைப் பார்த்துச் சிரித்த மாதிரி ஆகிவிடும். ஒரு முகம் எதைப் பார்த்துச் சிரிக்கிறதோ அதுதான் அந்தச் சிரிப்பு, அதைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது என்று யாரிடம் போய் விளக்குவது? கம்ப்யூட்டரில் இரண்டு தட்டுத் தட்டினால் முடிந்தது. புத்தகத்தில் அவள் பெயர் இருக்கும், எழுத்தும் படமும் என்று. நாலாயிரம் வாசிப்பு மூலையிலும் பொம்மி திருகினவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

எழுந்து போய்ப் பதினைந்து படங்களையும் கட்டில்மேல் வரிசையாகப் பரப்பினாள். பொம்மிக்கு ஐந்து வயது. பொம்மிக்குக் கன்னம் இரண்டு, இரண்டும் கொழுகொழு. பால்காரர் கிள்ளுகிறார். பக்கத்து வீட்டு அத்தை கிள்ளிவிட்டு விரலை முத்தம் கொஞ்சிக்கொள்கிறாள். கல்யாண வீட்டில் வரிசையாக நின்று கிள்ளுகிறார்கள். வலிக்குது என்று பொம்மி சொன்னால், பாருடா வாயை என்று சொல்லி அதற்கும் ஒரு கிள்ளு. ஒன்பதாம் பக்கத்தில் அவள் கன்னத்தைத் துணியால் கட்டிக்கொண்டு வருகிறாள், பல்வலிக்காரி மாதிரி. குழந்தைகள் அந்த இடத்தில் சிரிப்பார்கள். பன்னிரண்டில் ஊரிலிருந்து மாமா வருகிறார், பெரிய மாமா, பெரிய மீசை, அவள் கன்னத்துத் துணிக்கட்டை அவிழ்த்துப்போட்டுவிட்டுத் திருகுகிறார். பதின்மூன்றில் பொம்மி கடிக்கிறாள். பக்கம் முழுக்கப் பல். பதினான்கில் மாமா ஒரு காலில் குதிக்கிறார். பதினைந்தில் எல்லோரும் சேர்ந்து, மன்னிப்புக் கேள் என்று அவளைச் சுற்றி நிற்கிறார்கள். பொம்மி நடுவில், வாயை இறுக்க மூடிக்கொண்டு. அங்கேதான் புத்தகம் முடிகிறது. அவளைப் பொறுத்தவரை முடிந்தே விட்டது. சரி, அவர் கேட்கிற மாதிரி போட்டுத்தான் பார்ப்போமே, கை என்ன சொல்கிறது பார்க்கலாம் என்று ஒரு பழைய தாளை இழுத்து, பொம்மி கைகூப்பி நிற்பதை வரைந்தாள். நாலே நிமிஷம். தலை கொஞ்சம் சாய்ந்து, கண் தரையைப் பார்த்து, உதடு சிரிப்பதா அழுவதா என்று இரண்டும்கெட்டானாய், ஒரு பாதத்தின் மேல் இன்னொரு பாதம் ஏறி. அழித்து வரைய வேண்டிய கோடு ஒன்றுகூட இல்லை. பதின்மூன்றாம் பக்கத்துப் பல்லுக்கு ஒரு வாரம் மல்லுக்கட்டியவள் இதை நாலு நிமிஷத்தில் போட்டுவிட்டாள், அதுவும் அழகாக. பொன்னுரங்கம் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அவளுக்கு உடம்பு கூசியது. எப்படி இவ்வளவு சுலபமாக வந்தது? எங்கே பார்த்து வைத்திருந்தது இந்தக் கை? தாளைக் கசக்கினாள். கசக்கியது போதாதென்று கிழித்தாள்.

எங்கே பார்த்தது என்று தெரியாதா என்ன. அந்தப் பாதத்தின்மேல் பாதம் அவளுடையது. ஆறு வயது, பச்சைக்கரைப் பாவாடை, ஆயுத பூஜை. அப்பா சுப்புராஜ் வேலை பார்த்த பாத்திரக் கடையில் அன்றைக்கு மட்டும் வேலைக்காரர்களின் குடும்பமெல்லாம் வரலாம். பொரி, கடலை, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் கிண்ணம். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் கிள்ளுவது சாதாரணக் கிள்ளு இல்லை. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கி, கன்னத்தை அதற்குள் இடுக்கி, சாவி திருப்புகிற மாதிரி திருப்புவார். கன்னமா இது பன்னு என்பார். முந்தின வருஷமும் திருப்பினார். அதற்கு முந்தின வருஷமும். இந்தத் தடவை கிட்டே வந்த விரலில் சந்தன வாசனை அடித்தது, அவ்வளவுதான் ஞாபகம், பல்லில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது, மோதிரம். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பால்பல் ஒன்று மறுநாள் விழுந்தது. அவர் கத்தினாரா, கத்தவில்லையா, அது ஞாபகமில்லை. கடை அமைதியாகிவிட்டது ஞாபகமிருக்கிறது. பிடரியில் ஒரு கை, அப்பாவின் கை, கனமாக. விழு என்றார். மொசைக் தரை நெற்றியில் ஜில்லென்று பட்டது. தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சிருங்கன்னு சொல்லு. சொன்னாள். ஆனால் தெரிந்துதான் செய்திருந்தாள். அதுதான் அவள் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய், சொல்லிக்கொடுத்தது அப்பா. இதோடு போயிருந்தால்கூட இத்தனை வருஷம் கழித்து ஒரு புத்தகமாக வந்திருக்காதோ என்னவோ. அவள் எழுந்து நின்றபோது முதலாளி பெரிய மனசு பண்ணி, விடுப்பா சுப்புராஜ், குழந்தைதானே என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கையை நீட்டி, அந்த இன்னொரு கன்னத்தைத் திருகினார். இந்தத் தடவை நிதானமாக. எல்லோரும் கைதட்டினார்கள். அடுக்கியிருந்த குடங்களில் அவளுடைய முகம் பத்து இருபதாகத் தெரிந்தது, எல்லா முகமும் வாயை மூடிக்கொண்டிருந்தது. அப்பாவும் சிரித்தார். வாய் மட்டும் சிரித்தது, கண் முதலாளியின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது. இருபது வருஷமாக எத்தனையோ முகம் போட்டாயிற்று, அந்தச் சிரிப்பை அவள் ஒரு தடவைகூட வரைந்ததில்லை.

அந்த அப்பா இப்போது அடுத்த அறையில்தான் இருக்கிறார். எழுபத்தாறு வயது, கண் ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதம், தினத்தாளை வரி விடாமல் படித்து, பேருந்து கவிழ்ந்த செய்திகளை மட்டும் அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டுகிறவர். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? வேலை போயிருக்கும். வாடகை வீடு, மூன்று பிள்ளைகள், கடையில் பதினெட்டு வருஷம். வேறு என்ன செய்திருக்க முடியும் அந்த மனுஷன்? இந்தக் கேள்வியை அவள் சின்ன வயதிலிருந்தே கேட்டுக் கேட்டு, ஒன்றும் செய்திருக்க முடியாது என்று பதிலும் சொல்லி, அவரை விடுதலை பண்ணி வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். நாலு நாள் கழித்துப் பார்த்தால் அவர் மறுபடியும் கூண்டில் நின்றுகொண்டிருப்பார். சரி, விழச் சொன்னது வேலைக்காக. அதற்கப்புறம்? ராத்திரி வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் பார்க்காத இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வலிச்சுதா என்று கேட்டிருக்கலாமே. கேட்கவில்லை. பரோட்டா வாங்கிக்கொண்டு வந்தார். சால்னா தனியாக, சின்ன வெங்காயம் தனியாக. அந்தக் காலத்து அப்பாக்கள் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்திலெல்லாம் எதையாவது பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். பிள்ளையும் தின்றுவிட்டுத் தூங்கிவிடும், கணக்கு நேராகிவிட்டது என்று அவர்களும் தூங்கிவிடுவார்கள். நேராகவில்லை அப்பா. பசி அடங்கினது, அவ்வளவுதான். போன வாரம் அவர் படங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாகக் கண்ணருகே தூக்கிப் பார்த்து, பதின்மூன்றில் ரொம்ப நேரம் நின்றார். ஏதாவது சொல்வார் என்று அவள் தூரிகையைக் கழுவுகிற சாக்கில் காத்துக்கொண்டிருந்தாள். பல்லு நல்லா வந்திருக்கு என்றார். போய்விட்டார்.

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பொன்னுரங்கம் மறுபடி கூப்பிட்டார். அச்சகத்துக்காரர் நெருக்குகிறாராம். கைகூப்புகிற படம் முடிந்ததா, முடியாவிட்டால் டிசைனரைத் தயாராக இருக்கச் சொல்லட்டுமா? முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பாதியில் வேறு ஒன்று வந்து நின்றது.

“மன்னிப்புக் கேக்குற பக்கம்தானே சார் வேணும்? தர்றேன். ஆனா கேக்கப்போறது பொம்மி இல்ல. மாமா.”

அவர் மெதுவாக, பெரியவங்க போய்க் குழந்தைகிட்டயா என்றார். கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாதவர் கேட்கிற மாதிரிதான் கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்குப் பயம் போய்விட்டது. ஆமா சார், திருகுனது யாரு? வலிச்சது யாருக்கு? அப்ப யாரு கேக்கணும்? அவர் தேர்வுக் குழு, பெற்றோர், பண்பாடு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவர் மூச்சு விட்ட இடத்தில் அவள் சொன்னாள்.

“இடமில்லைன்னு உங்ககிட்ட இத்தனை நாளா சாக்குச் சொன்னது என் தப்பு. இடம் இருந்தாலும் அவளைக் கேக்க வைக்க மாட்டேன். மூணாம் பக்கத்துச் சிரிப்பைத் தூக்கி ஒட்டுனீங்கன்னா, அட்டையில இருக்குற என் பேரை எடுத்துருங்க. அப்புறம் பதினஞ்சு படத்தையும் எடுத்துருங்க.”

பெருமூச்சு விட்டார். நாலு மணிக்கு அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன், பார்க்கிற மாதிரி இருந்தா போகும், இல்லைன்னா என்னால முடியாது என்றார். அது போதும். ஆனால் போனை வைத்த பிறகுதான் வினை தெரிந்தது. பெரிய ஆள் ஒருவர் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டால் எப்படி இருக்கும்? அவள் பார்த்ததில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தாள், நாற்பத்து மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூடக் கண்ணால் கண்டதில்லை. பள்ளிக்கூடத்தில் இல்லை, கல்யாண வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரியில் இல்லை, பேருந்தில் காலை மிதித்தவர்கூட அம்மாவிடம்தான் சாரி சொல்லுவார், பிள்ளையிடம் இல்லை. அவளே என்ன வாழ்ந்தாள்? சனிக்கிழமை ஓவிய வகுப்பில், சாயத் தட்டை உடைத்தது நீதானே என்று ஒரு பிள்ளையை எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்தினாள்; உடைத்தது வேறொருத்தி. தெரிந்த பிறகு என்ன செய்தாள்? அடுத்த வாரம் அந்தப் பிள்ளைக்கு ஒரு புது பிரஷ் கொடுத்தாள். பரோட்டாதான் அதுவும். இந்தச் சனிக்கிழமை கேட்டுவிட வேண்டும், எல்லோர் முன்னாலும். முதலில் இதைப் போடுவோம். பென்சிலை எடுத்தாள். மாமா ஒரு முட்டியை மடக்கி உட்கார்ந்தார்: சினிமாவில் கதாநாயகன் மோதிரம் கொடுக்கிற மாதிரி இருந்தது. மாமா குனிந்து கைகூப்பினார்: ஓட்டுக் கேட்க வந்தவர். மாமா காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டார்: நன்றாகத்தான் இருந்தது, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும், அதனாலேயே ஆகாது. சிரிப்புக் காட்டிவிட்டுத் தப்பித்துப்போக விடக்கூடாது இந்த ஆளை. பொன்னுரங்கத்துக்கும் அதுதான் வேண்டும், சும்மா வேடிக்கைக்குத்தானே என்று சொல்லிக்கொள்ள ஒரு சந்து. தரையெல்லாம் கசக்கிய மாமாக்கள். மணி மூன்று பத்து. இந்தப் படம் பொய்யாக இருந்தால் இன்றைக்கு ராத்திரி நாலாயிரம் பொம்மிகள் கைகூப்பிக்கொண்டு மிஷினிலிருந்து விழுவார்கள். கண்ணால் கண்டிராததை எப்படி வரைவது? முன்னால் ஒரு ஆளை உட்கார வைத்துத்தான் வரைய வேண்டும். அவள் போட்ட தாத்தாக்கள், கண்டக்டர்கள், ஏன், ஒரு புத்தகத்தில் வந்த கரடிக்குக்கூட, உட்கார்ந்து காட்டினது ஒரே ஆள்தான். அது தெரிந்துதான் இத்தனை நேரமாக அவள் அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்திருக்கிறாள். கூப்பிடலாமா? முட்டி வலிக்காரர். கூப்பிட்டால் தெரிந்துவிடும். தெரியட்டும், தெரியாமலா பல்லைப் பாராட்டிவிட்டுப் போனார்.

“அப்பா, கொஞ்சம் வாங்க.”

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். கீழே உட்காரச் சொன்னாள். நாற்காலி போடும்மா என்றார். வேண்டாம், தரையில்தான் என்றாள். கட்டில் காலைப் பிடித்து, ஒரு கையை ஊன்றி, முட்டி சடசடக்க உட்கார்ந்தார். அவள் நாற்காலியில், மடியில் பலகையோடு. அவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. வழக்கம்போல, நான் யாரு இப்ப, என்ன பண்ணிட்டு இருக்கேன் என்று கேட்டார். கரடிக்கு உட்கார்ந்தபோதும் அப்படிக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

“நீங்க பெரிய ஆளு. ஒரு சின்னப் பிள்ளைகிட்டத் தப்புப் பண்ணிட்டீங்க. அதுகிட்ட மன்னிப்புக் கேக்குறீங்க.”

அவர் கையைக் கூப்பினார். அது சாமிக்குப்பா, வேணாம் என்றாள். கையைப் பிரித்து நெஞ்சில் வைத்தார். அது நாடகத்துக்கு. கையை எடுத்து எங்கே வைப்பதென்று தெரியாமல் பார்த்தார். தோளுக்கு மேல் கொண்டுபோனார், காதைத் தொட்டார், விட்டார். எழுபத்தாறு வருஷத்தில் அந்தக் கைக்கும் இது பழக்கமில்லை. கடைசியில் இரண்டும் அவர் தொடைமேல் வந்து விழுந்தன, உள்ளங்கை மேலே பார்க்க, காலியாக. பாத்திரம் தேய்த்துக் காய்த்த மேடுகள் இன்னமும் விரலடியில் வெள்ளை வெள்ளையாக இருந்தன. அப்படியே இருங்க என்றாள். பென்சில் ஓடியது. முகத்துக்கு வந்தபோது ஒரு கணம் தயங்கினாள், அந்தப் பழைய சிரிப்பு வந்துவிடுமோ என்று. வரவில்லை. வாய் சும்மா கிடந்தது, கண் அவளைப் பார்த்தது, பார்த்துவிட்டுக் கீழே போகவும் இல்லை. ரேணு என்று தொடங்கினார். பேசாதீங்கப்பா, வாய் அசையுது என்றாள். அவள் குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது. கேட்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவருக்கு முட்டி வலிக்கிறது என்பது தெரிந்தது, வலது கால் லேசாக நடுங்கியது, அதையும் வரைந்தாள். அவசரப்படவில்லை. மணி மூன்றரை ஆகியும் அவசரப்படவில்லை. அவளுக்கு இரக்கம் வரவேண்டிய நேரம் இது, வரவில்லை, சந்தோஷமும் இல்லை. நேராக உட்கார்ந்து ஒரு வேலையைச் சரியாகச் செய்கிற நிம்மதி இருந்தது, அது போதுமாக இருந்தது. பலகையில் மாமாவின் மீசை வந்தது, வயிறு வந்தது, அவருக்கு எதிரே பொம்மி வந்தாள். பொம்மியின் கை எங்கே இருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. இரண்டு கையும் பின்னால் கட்டியிருந்தது. முகம் மாமாவை உற்றுப் பார்த்தது, கடையில் தக்காளி பொறுக்குகிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி. சாயத்தைக் கனமாகப் போடாமல் மேலோட்டமாக ஏற்றி, மேசை விளக்கைக் கிட்டே பிடித்துக் காய வைத்தாள். கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தாள். அதில் எழுதினாள்: மாமா மன்னிப்புக் கேட்டார். பொம்மி யோசிக்கிறாள்.

ஸ்கேன் செய்து அனுப்பும்போது நாலுக்கு ஆறு நிமிஷம். ஆறு நிமிஷமும் அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆறு நிமிஷத்தில் டிசைனர் மூணாம் பக்கத்தைத் திறப்பதையும், பொம்மியின் தலையைச் சுற்றி வெட்டுவதையும், கழுத்தோரம் வெள்ளையாகப் பிசிறு விடுவதையும் பார்த்துவிட்டாள். மறுப்பு வந்தால் சிவகாசிக்கே பஸ் ஏறிவிடுவது, மிஷின் முன்னால் போய் நிற்பது என்று பஸ் நேரம்வரை யோசித்துவிட்டாள். அப்படிப் போனாலும் போவாள், அவளுக்கே அது தெரிந்திருந்தது. போன் மணி அடித்தது. பொன்னுரங்கம் முதலில் தொண்டையைச் செருமினார். அந்தக் கையை எங்க பிடிச்சீங்க என்றார். அப்புறம் எதையோ குடித்தார், தண்ணீராக இருக்கும். எங்க அண்ணன் பையனை ஒருநாள் அறைஞ்சிட்டேன், அவன் இப்ப பெரிய ஆளாயிட்டான் என்று சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிவிட்டு நிறுத்தினார். குழுவுக்கு நான் பேசிக்கிறேன், எடுத்தா எடுக்கட்டும், எடுக்காட்டிப் போகட்டும், நாமே விப்போம். ஆனால் ஒரே ஒரு வரி, ரேணுகா, பொம்மி மன்னித்துவிட்டாள் என்று சேர்த்துவிட்டால் எல்லோருக்கும் நிறைவாக இருக்குமே? வேணாம் சார் என்றாள். ஒரு வார்த்தை கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம், அவ அவசரப்பட வேண்டியதில்ல. அவர் சிரித்த மாதிரி இருந்தது. இன்னொரு போனில் யாரிடமோ, ஏத்திடுங்க, பதினாறும் வந்துடுச்சு என்று சொல்வது கேட்டது.

போனை மேசைமேல் வைத்தாள். ஜன்னலைத் திறந்தாள், காற்று உள்ளே வந்து கசங்கிய மாமாக்களை எல்லாம் அறை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனது. திரும்பினால் அப்பா இன்னும் தரையிலேயே உட்கார்ந்திருந்தார், சொன்னபடியே, கை தொடைமேல். முடிஞ்சிருச்சுப்பா என்று சொல்ல அவள் மறந்துபோயிருந்தாள். அவர் கட்டில் காலைப் பிடிக்கவில்லை, எழுந்திருக்கவும் பார்க்கவில்லை. மேசைமேல் சாய்த்து வைத்திருந்த படத்தைக் கீழேயிருந்தே பார்த்தார், கண்ணைச் சுருக்கி அந்த வரியை வாசித்தார். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்.

“அந்தப் பிள்ளை மன்னிச்சிருச்சாம்மா?”

“இன்னும் இல்லப்பா” என்றாள் ரேணுகா. சொல்லிவிட்டு, அவர் எழுந்திருப்பதற்கு இரண்டு கையையும் கொடுத்தாள்.